கிமியே கணக்கை மாற்றப் போனது

நகாசே கிமியேவுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. சாகாமல் இருந்துவிடுவோமோ என்றுதான் பயம். அவளுடைய அம்மா தொண்ணூற்றாறு வயதில் முதியோர் இல்லத்தில் மூன்று வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சேமிப்பு எண்பத்தொன்பது வயதிலேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் கிமியேவும் தம்பியும் மாதாமாதம் பங்கு போட்டுக் கட்டினார்கள். கிமியேவுக்குப் பிள்ளைகள் இல்லை.

இப்போது வயது ஐம்பத்தெட்டு. தகாஓகாவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் முப்பத்தொரு வருடமாக வேலை. உப்பில்லாத தட்டு, சர்க்கரையில்லாத தட்டு, மசித்த தட்டு என்று பெயர்ச் சீட்டைப் பார்த்து அடுக்குவாள். இதுவரை ஒரு தட்டும் மாறியதில்லை. இன்று மாறிவிடும் என்று ஒவ்வொரு காலையிலும் சீட்டை இரண்டு முறை படிப்பாள்.

கணவன் தெட்சுரோ நகரப் பேருந்து ஓட்டினான். ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் குளியலறையில் விழுந்து இறந்தான். அவன் விட்டுப்போனது ஓய்வுப் பணம், தொண்ணூறு லட்சம் யென். அது ஊர் வங்கியில் சும்மா கிடந்தது. வட்டி என்று சொல்ல ஒன்றுமில்லை. அரிசி விலை மட்டும் ஏறியது. பணத்தைத் தொட்டால் போய்விடும், தொடாவிட்டால் கரைந்துவிடும். இரண்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வங்கியிலிருந்து கொமாதானி வந்தான். முப்பது வயதிருக்கும். ஊதுபத்தி ஏற்றி, உறைக்குள் வைத்த துக்கப் பணத்தைத் தெட்சுரோவின் படத்தின் முன் வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்தான். வந்த பணத்தில் பாதி மதிப்புக்குப் பதில் பரிசு அனுப்புவது முறை. கிமியே நல்ல தேயிலையாகப் பார்த்து அனுப்பினாள். வாடிக்கையாளரிடம் பரிசு வாங்குவதில்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. வாங்கியது அவளிடமே தங்கிவிட்டது. அது அவளை உறுத்தியது. இரண்டு வருடம் கழித்து, வரியில்லாத முதலீட்டுக் கணக்கைப் பற்றிச் சொல்ல அவன் வந்தபோது, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். அப்படித்தான் அந்தப் பாக்கியைத் தீர்த்தாள். அந்தக் கணக்கு ஒருவருக்கு ஒன்றுதான், ஓர் இடத்தில்தான் வைக்கலாம். மாதம் ஐம்பதாயிரம் யென் அவன் சொன்ன ஃபண்டுக்குப் போயிற்று.

சமையலறையில் பாத்திரம் கழுவும் ஹமுரோதான் அந்த ஃபண்டின் தாளை முதலில் படித்தாள்.

"நாலாம் பக்கம் கீழ பாருங்க கிமியே சான். எறும்பு எழுத்துல. கட்டணம், நூத்துக்கு ஒண்ணு புள்ளி எட்டு."

"அது கம்மிதானே?"

"வருஷா வருஷம்! பத்து லட்சம் சேந்தா பதினெட்டாயிரம். ஏறினாலும் எடுப்பாங்க, எறங்கினாலும் எடுப்பாங்க. நான் போட்டிருக்கிற இண்டெக்ஸ் ஃபண்டுல அறுநூறுதான்."

"அறுநூறுக்கு எவன் வேலை செய்வான்?"

"யாரும் செய்ய வேணாம். உலகத்துல இருக்கிற பெரிய கம்பெனி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கும். நம்ம மேலாளர் மாதிரி."

"அவருக்குச் சம்பளம் நெறைய."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அந்த ஃபண்டை வங்கி விற்கவில்லை. இணையத் தரகு நிறுவனங்கள்தான் விற்றன. ஹமுரோ இரண்டின் பெயரைச் சொன்னாள். ஒன்று மருந்துக்கடையில் செலவழிக்கப் புள்ளிகள் தரும். இன்னொன்றில் தொலைபேசியை மனிதர்கள் எடுப்பார்கள். கிமியே இரண்டாவதை மூன்று முறை அழைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரு பெண் எடுத்தாள். மூன்றாம் முறை கிமியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாள். அந்த நிறுவனமே போதும் என்று தீர்மானித்தாள்.

ஆனால் அதற்குப் பழைய வங்கியிலிருந்து ஒரு தாள் வேண்டும். அதுவுமில்லாமல், ஜனவரி ஐந்தாம் தேதி வங்கி ஒரு முறை ஃபண்டை வாங்கிவிட்டால் அந்த வருடம் முழுக்கக் கணக்கை நகர்த்த முடியாது. வருடத்தின் கடைசி வேலைநாள் டிசம்பர் முப்பது. கிமியே நாளைத் தள்ளித் தள்ளி முப்பதுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கையில ஒண்ணும் கொண்டு போகாதீங்க," என்று ஹமுரோ சொல்லியிருந்தாள். "வாயத் தொறந்து கேளுங்க, போதும்."

வெறுங்கையோடு போய் ஒருவனை விட்டு விலகுவது எப்படி? கிமியே வேகவைத்த மீன்விழுதுக் கட்டிகள் ஒரு பெட்டி வாங்கி, ஆண்டிறுதிப் பரிசுபோலத் துணியில் முடிந்து எடுத்துப் போனாள்.

துணி முடிச்சைப் பார்த்ததும் கொமாதானி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். "நகாசே சான்! இந்தப் பனியில! எங்களால வாங்க முடியாது, ஆனா அந்த மனசு இருக்கே…" அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனான். தேநீர் வந்தது. கிளை மேலாளரே வந்து உட்கார்ந்தார். ஆண்டு முடிவில் பரிசோடு வருகிறவள் நன்றி சொல்லி, இன்னும் கொஞ்சம் பணம் போடத்தான் வருவாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அவளுக்கு மெல்லப் புரிந்தது. அதற்குள் அவள் தேநீரைக் குடித்துவிட்டிருந்தாள்.

கொமாதானி ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான். ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு லட்சம். எல்லாம் அவனே நிரப்பியிருந்தான். முத்திரைக்கு மட்டும் வட்டம் காலியாக இருந்தது.

கிமியே பையைத் திறந்தாள். கை தானாக முத்திரையைத் தேடியது.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்றான் அவன்.

"இருக்காங்க. தொண்ணூத்தாறு."

"அப்ப நீங்க நூறத் தாண்டிடுவீங்க!" மேலாளரும் சிரித்தார்.

அவள் கை பைக்குள்ளேயே நின்றது. நூறு. இன்னும் நாற்பத்திரண்டு வருடம்.

"கணக்க வேற எடத்துக்கு மாத்தணும். அதுக்கான தாள் வேணும்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

மேலாளர் எதையோ நினைத்துக்கொண்டவர் போல எழுந்து போனார். கொமாதானியின் காதுகள் சிவந்தன.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல, இல்ல. நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க. கட்டணம் மட்டும் கொஞ்சம்…"

வாக்கியம் முடியவில்லை. அவன் தலையசைத்தான். தாள் தலைமை அலுவலகத்திலிருந்து வரப் பத்து நாள் ஆகும், வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றான். எழுந்து நின்றான்.

பத்து நாள். அதற்குள் ஐந்தாம் தேதி வந்துவிடும். அவள் குளிர்பதன அறையில் காய்கறிப் பெட்டிகளிடம் பத்து நாளாகச் சொல்லிப் பழகியது ஒரே ஒரு வாக்கியம். இரண்டாவது வாக்கியம் அவளிடம் இல்லை. சுவர்க் கடிகாரம் மூன்றுக்குப் பத்து நிமிடம் காட்டியது. மூன்றுக்குக் கதவை இறக்கிவிடுவார்கள்.

"அஞ்சாம் தேதி வாங்குறதையும்," என்றாள். "நிறுத்திடுங்க. தயவுசெஞ்சு."

அவன் வேறொரு படிவம் கொண்டுவந்தான். அவசரமாக முத்திரை குத்தியதில் மை இழுபட்டது. இரண்டாவதிலும் விளிம்பு விட்டுப்போயிற்று. "தெளிவா இருந்தாத்தான் எடுத்துப்பாங்க," என்றான் தணிந்த குரலில். மூன்றாவது படிவம் வைத்து, அது நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக் குத்தினாள். நகாசே என்ற எழுத்து முழுதாக விழுந்தது.

வழக்கம்போல வாசல் வரை வந்து பனியில் குனிந்து நின்றான். அவள் திரும்பித் திரும்பி மூன்று முறை குனிந்தாள். பக்கத்து ட்ராம் நிறுத்தம் அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. இனி ஃபண்டின் விலை இறங்கினால் போய்க் கேட்க ஒரு முகம் கிடையாது. அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ட்ராம் வந்தது. அந்த எண்ணத்தோடு ஏற மனம் வராமல் அதை விட்டுவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தாள்.