வைரக்கண்ணு சொல்லாமல் விட்ட சத்தம்

அரியலூரை ஒட்டிய ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வைரக்கண்ணுவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். வேட்டு வைக்கும் நேரத்தில் சைரன் போடுவதும், சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை அப்புறப்படுத்துவதும் அவர் வேலை. சம்பளத்தில் சேராத இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. வேட்டு வெடித்ததும் மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, எப்படி இருந்தது என்று கேட்பார். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது என்று மனு கொடுத்ததிலிருந்து, ஒவ்வொரு வேட்டின் சத்தத்தையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். திடும்னு அமுங்கிக் கேட்டது, கல் நன்றாகப் பிளந்திருக்கும் என்பார் வைரக்கண்ணு. படார்னு மேலே போய்விட்டது, கல் பறந்திருக்கும் என்பார். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். மேனேஜர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொள்வார்.

போன வருஷம் சிந்து வேலைக்கு வந்தாள். சுரங்கப் படிப்பில் டிப்ளமோ. இருபத்து மூன்று வயது. பதிவேடு அவள் கைக்குப் போனது. அவள் எழுதியதைத் தலைமை அலுவலகத்தில் படித்துவிட்டு, இப்போதுதான் ரிப்போர்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது என்றார்களாம். அதற்குப் பிறகு வேட்டு வெடித்தால் மேனேஜர் சிந்து பக்கம் திரும்பினார்.

வைரக்கண்ணு வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் ஆபீஸில் ஆள் இல்லாதபோது பதிவேட்டைத் திறந்து, சத்தத்துக்கென்று இருந்த கட்டத்தில் உள்ள வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு லாரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். எட்டாவது வரை படித்தவர், அவ்வளவுதான் முடிந்தது.

மனைவி ஜெயலட்சுமி பிளஸ் டூ முடித்தவள். சாயங்காலம் தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு, போனில் இருந்த அகராதியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சொன்னாள். காற்றில் கதவு அறைந்து சாத்தினால் அது பேங். சட்டென்று வந்து சட்டென்று போகும். தூரத்தில் ஆழமாகக் கிளம்பி நெஞ்சுக்குள் கேட்பது பூம். வியாபாரம் திடீரென்று ஓகோவென்று போனாலும் அதே பூம்தான். காய்ந்த குச்சி ஒடிவது கிராக். சுவரில் விழும் விரிசலும் கிராக். கூட்ஸ் வண்டி பாலத்தில் போவது போல உருண்டுகொண்டே இருப்பது ரம்பிள். பசித்த வயிறு போடும் சத்தத்துக்கும் அதையே சொல்வார்களாம். நெல் மூட்டையைத் தொப்பென்று மண்ணில் போட்டால் தட். பாத்திர அலமாரி சாய்ந்தால் கிராஷ். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் கிராஷ், டவுனில் ஒரு மாதத்தில் முடித்துத் தரும் கோர்ஸும் கிராஷ்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச சத்தந்தானுங்க" என்றாள் ஜெயலட்சுமி.

அதுதான் அவரை இன்னும் எரித்தது. தெரியாத ஒன்றை சிந்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் காதில் பத்தொன்பது வருஷமாக இருந்ததற்கு அவள் பேர் மட்டும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு அவள் எப்போது தப்பு விடுவாள் என்று காத்திருந்தார். ஒருமுறை பூம் என்று இருக்க வேண்டிய இடத்தில் பேங் என்று எழுதியிருந்தாள். மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் சிரித்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதானே வைரக்கண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்திரை மாதம் ஒரு மதியம். மூன்று வரிசையில் வெடிமருந்து அடைத்த இருபத்து நாலு குழி. சைரன் போட்டு, எல்லோரும் ஒதுங்கிய பிறகு வேட்டு வைக்கும் ராஜதுரை பட்டனை அழுத்தினார். சத்தம் கிளம்பி உருண்டது. வழக்கமாகக் கடைசியில் ஒரு இழுவை இருக்கும். அன்று அது வரவில்லை. பாதியில் வெட்டியது போல் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் ஏதோ குழி வெடிக்கவில்லை என்று வைரக்கண்ணுவுக்கு அந்த நொடியே தெரிந்தது.

சிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் குனிந்து, பூம், நீண்ட ரம்பிள் என்று எழுதினாள். தலைமை அலுவலகம் இதைப் படிக்கட்டும் என்று அவர் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது.

எப்படியும் ராஜதுரை போய்ப் பார்ப்பார், அவர் கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டார். ராஜதுரை போய்ப் பார்த்தார். ஆனால் சரிந்த கல் கடைசி வரிசையை மூடியிருந்தது. எல்லாம் சரி என்று கை காட்டிவிட்டு வந்தார். பொக்லைன் டிரைவர் ராஜேஷ் வண்டியைக் கிளப்பி, கல் அள்ள இறங்கினான். அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தான்.

வைரக்கண்ணு ஓடினார். கொடியை வீசிக்கொண்டே சரிவில் இறங்கியதில் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. பக்கெட் கல்லைத் தொடுவதற்குள் வண்டி நின்றது. எல்லோரையும் வெளியேற்றி, காத்திருந்து, ராஜதுரை கையால் கல்லை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோது, மருந்து அப்படியே இருந்த மூன்று குழிகள் கிடைத்தன.

எப்படித் தெரிந்தது என்று மேனேஜர் கேட்டார். வண்டி இறங்கும்போதுதான் சந்தேகம் வந்தது என்று வைரக்கண்ணு பொய் சொன்னார். மேனேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு அவருக்கு வலித்தது.

சிந்து ஷெட்டுக்குப் பின்னால் அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"எனக்கும் ஒரு மாதிரி கேட்டுச்சுண்ணே. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்."

வைரக்கண்ணு கொடியைக் கீழே வைத்தார். "எனக்கு அப்பவே தெரியும் மேடம். சொல்ல மனசு வரல" என்றார்.

அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மட்டும் அடித்துத் திருத்தி, சத்தம் பாதியில் நின்றது என்றும், அதைக் கண்டுபிடித்தவர் வைரக்கண்ணு என்றும் எழுதினாள்.

நாலு நாள் அவரால் தூங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ராஜேஷிடம் நடந்ததை முழுசாகச் சொன்னார். ராஜேஷ் டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனான். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான், தேவைக்கு மட்டும்.

வைகாசியில், பதிவேட்டை நன்றாக எழுதியதற்காகச் சிந்துவுக்குப் பாதுகாப்பு விழாவில் சான்றிதழ் கொடுத்தார்கள். வைரக்கண்ணுவும் கை தட்டினார். வயிறு எரிந்தது, அதை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் மறுநாள் வேட்டு வெடித்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், தானாகவே அவள் பக்கம் நடந்துபோய், தன் காதில் என்ன கேட்டது என்று சொன்னார்.