கைகள் கேட்ட கேள்வி

கூடப்பிறந்த என் நானா மௌத்தாகிவிட்டதால், அவருடைய மகள் பர்வீனை தகப்பன் இடத்தில் வொலியாக நின்று மணமுடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நிக்காஹ்வுக்கு முன் இரண்டு சாட்சிகளோடு அவளுடைய அறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெயர் எழுதிய தாளை நீட்டி, "சம்மதமா மகள்?" என்றேன். ஆட்கள் முன் பேசவே கூச்சப்படுகிறவன் நான். தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் எதுவும் வரவில்லை.

"குமர்ப்பிள்ளை பேசாம இருந்தாச் சம்மதம்தான், வாங்க" என்றார் ஒரு சாட்சி. நானும் திரும்பினேன்.

பர்வீனின் உம்மா, என் மதினி, வாசலை மறித்தார். "எங்க போறீங்க தம்பி? அவள் கையால கேட்டுட்டே இருக்காள். மாப்பிள்ளை கைப்பாஷை படிப்பாரா எண்டு தெரியாம ஓம் சொல்லமாட்டாளாம்."

சபைக்குப் போய் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "படிக்கிறன் மாமா. அவவே எனக்குச் சொல்லித் தரட்டும்" என்றார்.

அதை மதினி கையால் சொன்னதும் பர்வீனின் கை அசைந்தது.

"இது ஓமா மதினி?" என்று நான் கேட்க வேண்டியிருந்தது. இருபத்து மூன்று வருடங்களாக ஒரே வளவில் இருக்கிறோம். அவளுடைய மொழியில் அந்த ஒரு சொல்லைக்கூட நான் படித்திருக்கவில்லை.