கை தெரிகிற போன்

வேலைக்கு வருகிற பெண்ணுக்குப் பட்டன் போன் போதும் என்று நினைக்காத வீடுகள் கொழும்பு வெள்ளவத்தையில் குறைவு. ஜீவராணிக்கும் அதைத்தான் நீட்டினார்கள். அவளுடைய கணவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்டே நீட்டினார்கள்.

ஜீவராணி மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தாய் ஆறாயி கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்தாள். அங்கே உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தவன்தான் யோகராஜ். பிறவியிலேயே காது கேளாதவன். அவனோடு கதைக்கப் பழகு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அயன் மேசைக்கு எதிரே இருந்தவள், அவன் கைகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகிவிட்டாள்.

"ஊமையையா கட்டிக்கப் போற?" என்று ஆறாயி தலையில் அடித்துக்கொண்டாராம்.

"வாய் இருக்கிறவங்க எல்லாம் என்னத்தைப் பேசிக் கிழிச்சாங்க?" என்றாளாம் மகள்.

அவர்களுக்கு யதுஷா என்று ஒரு பிள்ளை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். தாயோடு வாயாலும் தகப்பனோடு கையாலும் ஒரே வேகத்தில் சண்டை பிடிப்பாள்.

பிறகு ஜீவராணி படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு மாறினாள். நானும் அதே தொழிலில் பயிற்சி பெற்று வேலை செய்தவள். ஒரு நோயாளியின் வீட்டில் பகலில் அவளும் இரவில் நானுமாக நின்றபோதுதான் பழக்கம். நர்சைக் கூப்பிடுவதுபோல என்னை 'மிஸி' என்பாள். முதுகில் புண் வராமல் ஓர் ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் அதிகமில்லை. அவளுக்குத் தெரியும்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் அன்னபாக்கியம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் சாம்பவி வங்கியில் வேலை செய்கிறாள். தங்கி நின்று பார்க்க ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். நான் ஜீவராணியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்குப் போகலாம் என்றாள் சாம்பவி. அதற்கும் ஜீவராணி சம்மதித்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: ஒவ்வொரு நாளும் கணவனையும் பிள்ளையையும் வீடியோவில் பார்த்துக் கதைக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்த வேலை வேண்டாம்.

"அதுக்கென்ன," என்றாள் சாம்பவி. "நான் ஒரு பட்டன் போன் வாங்கித் தாறன், விரும்பின நேரம் புருஷனோட கதைக்கட்டும். ஸ்மார்ட் போன் மட்டும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம், அன்ரி. முந்தி நிண்டவள் நாள் முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருந்தவள்."

"அந்த ஆளுக்குக் காது கேட்காது, பிள்ளை."

"ஓம், முதலே சொன்னனீங்கள்தானே. பாவம்."

பாவம் என்று சொன்ன கையோடு ஜீவராணியின் பக்கம் திரும்பி, சிவப்பு நிறத்தில் வாங்கவா நீலத்தில் வாங்கவா என்று கேட்டாள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று வங்கியில் முடிவு செய்கிற பெண் இவள்!

எழுதி அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். காது கேளாத பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று யோகராஜின் சிறுவயதில் அவன் பிறந்த தோட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தன் பெயரை எழுதுவான், பஸ் பலகை வாசிப்பான், அவ்வளவுதான். அவனுடைய பேச்செல்லாம் கையில் இருக்கிறது.

படி இறங்கும்போது நான் கொதித்துக்கொண்டு வந்தேன். ஜீவராணி என் முழங்கையைப் பிடித்தாள். "விடுங்க மிஸி. முதல்ல போனை வாங்குவோம். பேச்சை அப்புறம் பாத்துக்குவோம்." யோகராஜிடம் ஒரு போன் இருந்தது. அவளுடையதுதான் போன மாதம் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டும்போது வாளிக்குள் விழுந்து செத்துப்போயிருந்தது.

மருதானையில் ரிஷாத்தின் போன் கடைக்குப் போனோம். நாற்பது வயது மனிதர், வாய் ஓயாது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் 'நானா', அதாவது அண்ணன். கொஞ்சக் காசில் நல்ல போன் வேண்டும் என்றதும் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"பின்னால மூணு கேமரா, அக்கா. சந்திரனையே கிட்டத்தில எடுக்கலாம்."

"சந்திரன்ல எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல, நானா. முன்னுக்கு இருக்கிற கேமரா எப்படி?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போனைக் கல்குலேட்டரில் சாய்த்து நிறுத்தி, பின்னால் தள்ளி நின்று, கைகளை ஆட்டி வீடியோ எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். முகம் அழகாக வெளுத்திருந்தது. விரல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கூழாகிவிட்டன.

"என்ன அக்கா, டிக்டொக்கா?" ரிஷாத் சிரித்தார்.

"வீட்டுக்காரரோட பேசணும்."

"பேசுறதுக்கு ஏன் கைய ஆட்டுறீங்க?"

"அவருக்குக் காது கேக்காது."

ரிஷாத் அலங்காரப் போனை உள்ளே தள்ளிவிட்டு, பளபளப்பில்லாத வேறு சிலவற்றை எடுத்து வைத்தார். எங்கள் வீடுகளில் எல்லா நேரமும் கடை வெளிச்சம் இருக்காது என்று நான் சொன்னதும், எழும்பிப் போய்த் தானே விளக்கை அணைத்தார். பின்னால் நின்ற சிங்களக்காரர் ஒருவர் இருட்டில் சத்தம் போட்டார். "பொட்டக் இன்ட, அய்யே," என்று அவரைப் பொறுக்கச் சொன்னார் ரிஷாத். அந்த மங்கலிலும் ஒரு போனில் ஜீவராணியின் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. முழங்கையிலிருந்து முகம் வரை படத்துக்குள் அடங்கியது. அதைச் சத்தமில்லாமல் வைத்து இடுப்பில் செருகி, அதிர்வு உறைக்கிறதா என்றும் பார்த்தாள். நோயாளியின் அறையில் மணி அடிக்க முடியாதல்லவா?

மிச்சத்தை நான் கேட்டேன். ஒரு நாள் முழுக்க பற்றரி தாங்குமா? பிள்ளையின் பள்ளிக்கூடப் படங்களும் வந்து சேர்ந்தால் இடம் போதுமா? இலங்கையில் பதிவு செய்த போன்தானா? உத்தரவாதத்தை வாயால் சொல்லாமல் கடை முத்திரை குத்தித் தருவீர்களா? குடும்பத்துக்குப் போன் வாங்குகிற யாரும் இவ்வளவையும் கேட்க வேண்டும். அதற்கு முன், அந்தப் போனால் தங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆக வேண்டும் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கேமராவைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் அதைத்தான் கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலை ஜீவராணி பையோடு வந்தாள். நானும் மேலே போனேன். வாசலிலேயே சாம்பவி நின்றாள். ஒரு கையில் சிவப்புப் பட்டன் போன். மற்றக் கையை நீட்டினாள்.

"புதுப் போன் வாங்கினதாம். கொண்டாரும், அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிறன். ஞாயிறு போகேக்க தாறன்."

நான் வாயைத் திறந்தேன். ஜீவராணி முந்திவிட்டாள். "சரி மெடம். அப்ப நீங்களே அந்தச் சிவப்புப் போன்ல இருந்து அவருக்கு ஒரு கோல் எடுத்து, நான் நல்லபடியா வந்து சேந்துட்டேன்னு சொல்லிருங்க." நம்பரைச் சொன்னாள்.

சாம்பவி அழுத்தினாள். காதில் வைத்தாள். "எடுத்திட்டார்," என்றாள். "ஹலோ? யோகராஜோ? நான் சாம்பவி, வெள்ளவத்தையில இருந்து. ஜீவா வந்திட்டா... ஹலோ? ஹலோ!" குரல் ஏறிக்கொண்டே போனது. கட்டிலில் கிடந்த அன்னபாக்கியம் அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்திட்டு ஒண்டும் கதைக்கிறாரில்லை. லைன் பிழையோ?"

"லைன் சரி, மெடம்."

அப்போதுதான் சாம்பவியின் கை மெல்லக் கீழே இறங்கியது. முகம் அந்தப் போனின் நிறத்துக்கு வந்தது. வெட்கப்பட்டாள் என்றா நினைக்கிறீர்கள்? "அன்ரி, இதை நீங்கள் அப்பவே விளக்கமாச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொன்னனான். நீர் பாவம் எண்டீர். கதைக்க ஏலாத உம்மட அம்மாவை லண்டனில இருக்கிற தங்கச்சிக்குப் பின்னேரத்தில எதில காட்டுறீர்? பட்டன் போனிலயோ?"

ஜீவராணி இடையில் புகுந்தாள். "அம்மா மத்தியானம் தூங்குவாங்கல்ல, அந்த நேரம், குசினி ஜன்னல்கிட்ட. அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு. பிள்ளையும் ஸ்கூல் விட்டு வந்துரும். அவசரம்னா எந்த நேரமும். போன் என்கிட்டதான் இருக்கும். அது சரிவராதுன்னா இப்பவே சொல்லுங்க மெடம், பையை இன்னும் அவிழ்க்கல."

சாம்பவி தாயைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். வங்கிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள் கடைசியில். "ஆனா சத்தமாக் கதைச்சு அம்மாவை எழுப்பிப் போடாதையும்."

நான் ஒன்றும் சொல்லாமல் கீழே வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஜீவராணியின் வேலை போயிருக்கும்.

மத்தியானம் அவள் கதைத்தாள். காலையில் ஒரு முகமும் காட்டாமல் போனை வைத்தது யார் என்று யோகராஜ்தான் முதலில் கோபித்தானாம். நடந்ததை அவள் கையால் சொல்ல, அவன் சிரித்துச் சிரித்துப் போனைத் தவற விட்டுவிட்டானாம். யதுஷா எடுத்து நிமிர்த்திப் பிடிக்க, தாயைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்களாம்.

பின்னேரம் படியில் நின்று இதைச் சொல்லும்போது ஜீவராணிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு இன்னும் வரவில்லை.