அத்தைக்கு இல்லாத ஓட்டு

தொண்ணூறாம் வருஷத் தேர்தலின்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. அப்பாவும் அத்தையும் பர்மாவில், பசுந்தாங் என்ற பேட்டையில் பிறந்து, அந்தத் தெருக்களைத் தாண்டி அதிகம் போகாதவர்கள்தான். ஆனாலும் அவர்கள் கையில் இருந்தது வெளிநாட்டார் அட்டை. எந்த வெளிநாடு என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். முளைகட்டி அவித்த பட்டாணியை, பர்மியர்கள் பேப்யோ என்பார்களே, அதைச் சந்தை முனையில் கூடை வைத்து விற்றாள். அவள் குரல் பிரசித்தம். கூவினால் மூன்றாம் மாடியில் தூங்குகிறவர்கள் கிண்ணத்தோடு இறங்கி வருவார்கள்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு சயாமா இருந்தார். பள்ளிக்கூட டீச்சரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரே தெருவில் இறங்கி ஆட்சியை எதிர்த்தபோது அவருடைய தம்பியும் ஊர்வலத்தில் போனார். பட்டாளம் சுட்டது. தம்பி வீடு திரும்பவில்லை, உடலும் வரவில்லை. அதன் பிறகு சயாமா மாடியை விட்டு இறங்கியதே இல்லை.

தேர்தலுக்கு முன்தினம் வார்டுத் தலைவர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். ஆட்சிக்கு வேண்டியவர். குடியுரிமை அட்டை இல்லாத கலாக்கள் ஓட்டுச்சாவடிப் பக்கம் தலைகாட்டினால் பிடித்து உள்ளே போடுவோம் என்று, படிக்கட்டில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். கலா என்றால் நாங்கள், இந்தியர்கள். அந்த இளக்காரச் சொல்லை அவர் வாய் நிறையச் சொல்வார்.

அப்பா உடனே கதவைச் சாத்தினார். மறுநாள் காலையில் அத்தை, அங்கே பெண்களும் கட்டுகிற லுங்கியில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு மேலே போய், சயாமாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தாள்.

"நமக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்றார் அப்பா.

"எனக்குத்தானே ஓட்டு இல்லே. அவங்களுக்கு இருக்கே" என்றாள் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "செருப்பைப் போடு பாப்பா" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. சயாமாவின் ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் நான். மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. சாவடி வாசலில் ஒரு சிப்பாய் அத்தையைத் தடுத்து அட்டை கேட்டான். அவள் வெளிநாட்டார் அட்டையை எடுத்துக் காட்டினாள். உள்ளே போக முடியாது என்றான். கண் தெரியாதவர் தனியாக எப்படிப் போவார் என்று அத்தை குரலை உயர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் முணுமுணுத்தார், இன்னொருவர் அதையே சத்தமாகக் கேட்டார். சிப்பாய் தயங்கினான். கடைசியில் என்னைக் காட்டி, "இந்தக் குழந்தை போகட்டும்" என்றான்.

உள்ளே தட்டி மறைப்புக்குள் சீட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அவர் காதில் படித்தேன். ஒரு பெயர் வந்ததும் சயாமா என் தோளை அழுத்தினார். பென்சிலைக் கொடுத்தேன். அவர் கை கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. "என் கையைப் பிடிச்சுக்கோ" என்று கிசுகிசுத்தார். பிடித்துக்கொண்டேன். இரண்டு கையுமாகச் சேர்ந்து போட்ட அழுத்தத்தில் பென்சில் முனை உடைந்தது, ஆனால் குறி நன்றாக விழுந்துவிட்டது.

வெளியே வார்டுத் தலைவர் காத்திருந்தார். அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து சிரித்தார். "பாப்பா, சயாமா எந்தப் பெயரில் குறி போட்டாங்க?"

சயாமாவின் விரல்கள் என் கைக்குள் இறுகின. போன வருஷம் பர்மிய வாசிப்பில் நான் முதலாவதாக வந்ததற்குப் பரிசுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தவரே இந்த வார்டுத் தலைவர்தான். அவர் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்கு பர்மிய எழுத்து படிக்கத் தெரியாதுங்க, நான் கலா" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு நின்றுபோயிற்று.

சயாமாவின் கையைப் பிடித்துக் குறி போட்டதை வரும் வழியிலேயே சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். "எந்தக் கையால பிடிச்சே?" என்றாள். வலது கையை நீட்டினேன். அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். கையில் ஏதோ பட்டுவிட்டதோ என்று நான் பயந்தேன்.

பட்டாளத்தை எதிர்த்து நின்றவர்களே ஜெயித்தார்கள். தெருவில் ஒரே கொண்டாட்டம். புது ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பட்டாளம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கொஞ்ச நாளில், வெளிநாட்டார் தெருவில் கடை போடக்கூடாது என்று வார்டுத் தலைவர் ஆள் அனுப்பி, சந்தை முனையிலிருந்து அத்தையின் கூடையைத் தூக்கச் சொன்னார்.

அத்தை தூக்கினாள். தலையில் வைத்துக்கொண்டு நடந்து விற்க ஆரம்பித்தாள். லீவு நாட்களில் நானும் வாழையிலைக் கட்டோடு பின்னால் போவேன். வாங்குகிறவர்கள் எல்லாம் வாய்க்கால் கரைக் குடியிருப்புகள் பக்கம் இருந்தார்கள். அவளோ முதலில் எதிர்த்திசையில் நடந்து வார்டு ஆபீசுக்கு வருவாள். வாசலுக்கு நேரெதிரே கூடையை இறக்கி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேப்யோ!" என்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கூவுவாள். உள்ளே தலைவர் காகிதத்திலிருந்து முகத்தை எடுக்க மாட்டார். வாசல் சிப்பாய் வானத்தைப் பார்ப்பான். அவள் மறுபடியும் கூவுவாள்.

"இங்கே யாரும் வாங்க மாட்டாங்களே அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்களுக்குக் காது இருக்குல்ல?" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பட்டாணி ஆறிக்கொண்டிருந்தது. அத்தைக்கு வியாபாரம் தெரியவில்லை என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.