இரண்டு நாசிக்கும் ஐந்து மார்க்

குன்வோர் ஹெட்லுண்ட் எங்கள் ஸ்வீடன் ஊரான சுண்ட்ஸ்வாலில் பள்ளிச் சமையலறை ஒன்றில் முப்பத்தோரு வருடம் கரண்டி பிடித்தவர். தட்டுக்கு எட்டு இறைச்சி உருண்டை என்றால் எட்டுதான். அழுகிற பிள்ளைக்கு ஒன்பது விழாது, அடங்காத பிள்ளைக்கு ஏழாகக் குறையாது. நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தக் குணம் எங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியையே கவிழ்க்கப் பார்த்தது.

மூக்குக்குள் சதை வளர்ந்து, சைனஸ் அடைத்து, மூன்று வருடமாக அவருக்கு வாசனையே தெரியவில்லை. தன் மேல் நாற்றம் வருகிறதோ என்ற பயத்தில் தினம் இரண்டு முறை குளிப்பார். பஸ்ஸில் கடைசி இருக்கையில் தனியாகப் போய் உட்காருவார். முதல் நாள் அவரே என்னிடம் இதைச் சொன்னார்.

சைனஸைத் திறக்கும்போது மூக்குக்குள் தொங்கும் 'நடு மடல்' என்ற மெல்லிய எலும்பு மடிப்பை என்ன செய்வது என்பதில் எங்கள் டாக்டர்கள் இருவருக்கும் ஓயாத வழக்கு. அது வெளிப்பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் திறந்த வழி மறுபடி அடைத்துவிடும். மூத்தவர் டோர்ஸ்டன் அதை மூக்கின் நடுச்சுவரோடு தையல் போட்டு நிறுத்துவார். "உடம்புல இருக்கறதை எதுக்கு வெட்டணும்?" என்பார். இளையவர் சிக்னே கொஞ்சம் நறுக்கி எடுத்துவிடுவார். "ஒட்டறதுக்கு ஆளே இல்லேன்னா எப்படி ஒட்டும்?" என்பார். சரி, பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாசியை அவரும் மறு நாசியை இவரும் செய்தார்கள். எது யார் கைவேலை என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் நர்ஸான எனக்கும் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் மாதம், கடைசிச் சோதனை. மூச்சு தாராளமாக வருவதற்குப் பத்துக்கு எத்தனை மார்க்? வலது ஐந்து, இடது ஐந்து என்று குன்வோர் எழுதினார். பிறகு, மூடியைத் திறந்தால் ஆளுக்கொரு வாசனை வீசும் சோதனைப் பேனாக்கள். இடது நாசியில் பட்டை வாசனையைக் காட்டியதும் கண்ணை மூடினார், முகமெல்லாம் மலர்ந்தது. கண்ணைத் திறந்து, தாளில் 'செருப்புத் தோல்' என்று குறித்தார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

"குன்வோர், பொய் சொல்றீங்க."

"ஐயையோ, நானா?"

"ஊருக்கே பட்டை ரொட்டி சுட்டுப் போட்டவங்களுக்குப் பட்டையும் செருப்பும் ஒண்ணா?"

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "வலதுல ஒண்ணுமே வரலை, இங்கெலா. கெட்டியா அடைச்சுக் கிடக்கு. இடதுல எல்லாம் வருது. அப்படியே எழுதினா ரெண்டு டாக்டர்ல ஒருத்தர் மனசு வாடும். ரெண்டு பேருமே தங்கமானவங்க. அதான் சரிசமமா..."

"அவங்க என்ன சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கற பசங்களா? உங்க பேச்சை நம்பித்தானே அடுத்தவங்க மூக்குல கத்தி வைக்கப் போறாங்க! வலதை இப்பவே சரிபண்ணலேன்னா அப்படியே இறுகிப் போயிடும், தெரியுமா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடுத்தவங்களை நான் நினைக்கவே இல்லையே," என்று அழுதார். கத்தியிருக்க வேண்டாம் என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய தாளைக் காரணம் எழுதி ரத்து செய்து, புதிதாக ஆரம்பித்தோம். இடது ஒன்பது, வலது பூஜ்யம்.

தாள் முடிந்ததும், எது யார் கைவேலை என்ற ரகசியமும் முடிந்தது. டோர்ஸ்டன் வந்து காமிராக் குழாயை விட்டுப் பார்த்தார். வலது மடல் தையலிலிருந்து நழுவி வெளிச்சுவரில் ஒட்டிக் கிடந்தது. அவர் போட்ட தையல். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, அங்கேயே மெல்லப் பிரித்துவிட்டார். கை நிதானமாகத்தான் இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

முடித்ததும் அவர் எழுந்து போகவில்லை. "இருபத்தெட்டு வருஷமா இந்தத் தையல் போடறேன். எல்லாரும் 'நல்லா இருக்கு டோர்ஸ்டன்'னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

குன்வோர் மூக்கில் பஞ்சோடு அவர் பக்கம் குனிந்தார். "ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது," என்றார் டோர்ஸ்டன். பிறகு என்னைப் பார்த்தார். "இங்கெலா, பழைய நோயாளிங்க பட்டியலை எடு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நானே கேக்கறேன்."

"கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிடுங்க," என்றார் குன்வோர். "அப்பத்தான் நாங்க வாயைத் திறப்போம்."