வேலி தாண்டிய காட்டெருமை

அமெரிக்கப் பழங்குடியினரான நக்கோடா மக்களின் நிலத்துக்கு, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, காட்டெருமைகள் லாரியில் வந்து இறங்கிய அன்று கதவைத் திறந்துவிட்டவள் வெர்னா. மொன்டானாவின் அந்தக் குளிரில் பிக்கப் வண்டியில் வேலியைச் சுற்றி வந்து மந்தையைக் காப்பதுதான் அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம். புருஷன் அதைச் சொல்லித்தான் பிரிந்து போனான்.

மந்தை வந்ததே பிடிக்காதவர்களில் அவளுடைய தம்பி டெல்மரும் ஒருவன். பழங்குடி மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு வளர்த்தான். காட்டெருமை பெருகினால் குத்தகை போய்விடும் என்று பழங்குடி சபையின் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துவான்.

மார்ச் மாதப் பனி வேலியை மூடியது. சினையாயிருந்த காட்டெருமை ஒன்று பனிமேட்டின் மேல் ஏறிப் பக்கத்து வெள்ளைக்காரப் பண்ணைக்குள் போய்விட்டது. வெர்னா தேடிப் போனபோது அது சுடப்பட்டுக் கிடந்தது.

"என் மாட்டுக்கு நோய் ஒட்டிக்குமில்ல?" என்றான் பண்ணைக்காரன், துப்பாக்கியைக் கீழே வைக்காமல்.

"இதுங்களுக்கு வருஷக்கணக்கா ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான்யா இங்க அனுப்பினாங்க. உன் மாட்டுக்கு யாரு பாத்தா?"

"எங்கிட்ட ஏன் கத்துற? போன் பண்ணிச் சொன்னதே உன் தம்பிதான்."

வண்டியை நேரே டெல்மர் வீட்டுக்கு விட்டாள்.

"ஏண்டா, என் நம்பர் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. சொன்னா நீ பத்திரமா ஓட்டிட்டு வந்துடுவியே."

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினாள். செத்துக் கிடந்த காட்டெருமையைத் தோலுரிக்கும்போது அதன் காலைப் பிடிக்க வைத்தாள். வயிற்றிலிருந்த கன்றை எடுத்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாத. நல்லாப் பாரு."

இறைச்சி ஊரில் வீடு வீடாகப் போனது. டெல்மர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லியே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். குடும்ப விஷயத்தை வீட்டில் பேசக்கூடாதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

"வீட்டுல பேசினா குத்தகை அவன்கிட்டயே இருக்கும் மாமா. அதுக்குத்தான் இங்க பேசறேன்."

குத்தகை ரத்தானது. நிலம் மந்தைக்கு வந்தது. தம்பி போட்டிருந்த முள்கம்பி வேலியை உள்ளங்கை கிழியக் கிழிய அவளே பிடுங்கிச் சுருட்டினாள். சாலையில் டெல்மரின் வண்டி வேகம் குறைந்து, கொஞ்ச நேரம் நின்றது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.