ஊரில் இல்லாதவனின் பாடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில் நடந்தது இது. கனடாவில் நிரந்தரமாகத் தங்க எனக்கு பி.ஆர். கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. குடியுரிமைத் தேர்விலும் தேறிவிட்டேன். உறுதிமொழி எடுப்பது ஒன்றுதான் பாக்கி. எடுத்துவிட்டால் நான் இந்தியக் குடிமகன் இல்லை. அதற்கு முன் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்று மூன்று வாரம் லீவு போட்டு வந்திருந்தேன்.

பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் ஏரியில் இறால் கிடைக்கிற நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊருக்கு ஒரு தலைக்கட்டு. அவன் பெயருக்கு ஒரு பாடு. என் முறை வரும்போது எனக்குப் பதிலாகத் தம்பி வலை போடுவான். ஆனால் வேறு ஊரில் தலைக்கட்டு ஆனவன் பெயரை இங்கே எடுத்துவிடுவார்கள். ஒருவனுக்கு ஒரு ஊர்தான். இந்திய அரசாங்கமும் எங்கள் ஊரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

அம்மாவிடம் சொன்னேன். "நீ வாயத் தொறக்காத. கனடா இன்னா பக்கத்துக் குப்பமா, போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு?" என்றார். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவனுடைய பாட்டோடு என்னுடையதும் சேர்ந்தால்தான் அவனுக்குக் கையைக் கடிக்காது. யாருக்கும் தெரியாத விஷயத்தை நானே ஏன் கிளற வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே, யாருக்கு என்றைக்குப் பாடு என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிற கூட்டம் கோயில் வாசலில் நடந்தது. கல்யாணமான மறு மாதமே விமானம் ஏறியவன் நான். தலைக்கட்டு ஆன பிறகு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தம்பியோடு கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

சீட்டுப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் கை தூக்கினார்கள். வெளியே போனவன் இன்னும் நம் ஊர்க்காரன்தான் என்று வேறு யாராவது பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டுமாம். அண்ணன் தம்பி சொன்னால் செல்லாது. சொந்தமில்லாத ஆள்தான் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என் பெயர் வந்தது. கை தூக்குவதா வேண்டாமா என்று நான் தயங்கிய அந்த நொடியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீறான்."

நான் இருக்கிறேன் என்று அப்படிச் சொன்னவர் யார் தெரியுமா? பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவருடைய இன்ஜின் படகு என் அப்பாவின், எங்கள் நைனாவின், வலையை அறுத்துக்கொண்டு போனதில் தொடங்கிய சண்டை அது. நைனா செத்த அன்றுகூட அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. "இவரா?" என்று தம்பியின் காதில் கேட்டேன்.

"நீ கனடா போன வருசத்துலேர்ந்து அவருதான் சொல்றாரு. நாங்க யாரும் கேக்கல," என்றான்.

கனடாவில் நான் இத்தனை நாள் இருந்தேன் என்று நிரூபிக்க, ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு தேதியையும் தேடித் தேடி எழுதிக் கொடுத்தவன் நான். இங்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்காத ஒரு மனிதர், ஒரே வார்த்தையில் என்னை இந்த ஊரில் வைத்திருந்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினால் அடுத்த வருடமும் எழுந்து சொல்வார். அப்போது அது பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தவன் நானாக இருப்பேன்.

எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்த ஊர்ல உனுக்கு இன்னா பாடு குடுப்பாங்கோ?" என்று ஒருவர் கேட்டார். ஓட்டுப் போடலாம் என்றேன். "அது இங்கியே குடுத்தாங்களே!" என்றார். கூட்டமே சிரித்தது. சிரித்து முடித்த கையோடு என் பெயரை அடித்துவிட்டார்கள். யாரும் திட்டவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. தம்பி மட்டும் எழுந்து போய்விட்டான்.

கூட்டம் கலைந்ததும் எனக்காகக் குரல் கொடுத்தவரிடம் போனேன். "மன்னிச்சிருங்கண்ணே, உங்க வார்த்தையக் கெடுத்துட்டேன்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சண்டை உங்க நைனாவோட. நீ ஊர்க்காரன்னு சொல்றதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? இன்னிக்கி வரைக்கும் நான் சொன்னது நெசந்தானே? போ. போற எடத்துல ஒயுங்கா இரு."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தம்பி என்னைப் பொன்னேரி ஸ்டேஷனில் இறக்கிவிடும் வரை சரியாகப் பேசவில்லை. அவனுடைய வருத்தம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, அது நியாயம்தான்.

அடுத்த மாதம் உறுதிமொழி எடுத்தேன். பாதியில் என் குரல் உடைந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தனக்கு ஆகாதவன் பிள்ளைக்காக, யாரும் கேட்காமலேயே வருடா வருடம் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல ஒரு மனிதரால் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் பிரமிப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.